பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர்

அத்தியாயம் 5

அன்று காலை டிபன் பாக்ஸ் மூடியைக் காணவில்லை.

"ஏங்க, மூடியப் பாத்தீங்களா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"எங்க வச்சியோ அங்கதான் இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

"இதெல்லாம் ஒரு பதிலா? என் வகுப்புல இப்படி எழுதினா அரை மார்க்குகூடக் கிடைக்காது."

"அரை மார்க்கு வாங்கித்தான் உன்னையே கட்டினேன்."

அவள் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை, பாதியில் எதையோ நினைத்துக்கொண்டு நிறுத்தியது போல. டிபன் பாக்ஸின் மேல் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து, ரப்பர் பேண்டை மாட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாளா என்று அவருக்குத் தெரியாது. அவர் இன்னொரு காலின் நாடாவில் இருந்தார்.

அன்று பள்ளிக்கூடத்தில் அவள் மேல் விசாரணை. தலைமையாசிரியை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. "இருதயம் நின்னுடுச்சு" என்றார் டாக்டர். நின்றுபோன லிஃப்டுகளை ஆயுள் முழுக்க மறுபடி ஓடவைத்தவரிடம் போய்ச் சொன்ன செய்தி அது.

அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போனார், வந்தார். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிட்டார். அவர்கள் அழுதார்கள், நன்றி சொன்னார்கள், வீட்டுக்கு ஓடினார்கள். அவர் மட்டும் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, யாருமில்லாத வீட்டுக்கு "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மனதில் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. காட்டிக்கொடுத்தது யார்?

அந்தக் கேள்வியோடுதான் ஊசி மேடத்தின் அலுவலகப் படியேறினார். இதோ, இன்று மூன்று பேருமாகப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறார்கள்.

ஊசி மேடம் காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருஷம் பொய்களைக் குத்திக் கிழித்தவர். ஒரு கடை எரிந்தபோது, கடைப் பூனை மட்டும் முதல் நாளே கடைக்காரரின் மச்சினன் வீட்டுக்குக் குடிபோயிருந்ததை வைத்தே தீ வைத்தது யார் என்று சொன்னவர். ஊசி போகும் வழியில்தானே நூல் போகும். அதனால் அவருடைய உதவியாளருக்கு நூல் என்று பெயர். பெயர்தான் நூல், ஆள் கப்பலைக் கட்டிப்போடும் வடம். கூடவே ஓயாத வாய்.

"சார், ஒரு தடவை மறுபடி சொல்லிடுங்க. பசி வந்தா எனக்குக் காது மந்தம்" என்றான் நூல்.

லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். விசாரணைக்கு முன் பள்ளி நிர்வாகம் அவளுக்கு அனுப்பிய பிரதி அது, மடித்து மடித்து நாலு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது.

விஷயம் இதுதான். புவியியல் டீச்சரான அவள், ஒரு மாணவியின் விடைத்தாளைப் படம் பிடித்துத் தன் சொந்தப் போனில் ஸ்டேட்டஸாகப் போட்டிருந்தாள். ஒரு நாள் இருந்துவிட்டுத் தானே மறைந்துபோகும் படம். கேள்வி: 'ஆறு எங்கே முடிகிறது?' மாணவி எழுதியிருந்த பதில்: 'எங்கள் பழைய வீட்டு அடுப்படியில்.' அதன் கீழே டீச்சரின் வரி: 'இந்த வருஷத்தின் முதல் பரிசு! கடலுக்கே வேலை போச்சு!' பக்கத்தில், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்கள். அது திரையில் தெரியும்போதே யாரோ அப்படியே பிடித்து, பெயர் போடாமல் நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கீழ ஒரு கண்ணு போட்டு முப்பத்தொண்ணுன்னு இருக்கு" என்று நூல் எட்டிப் பார்த்தான். "முப்பத்தொரு பேரு பாத்திருக்காங்க. சந்தேகப் பட்டியல் கல்யாணப் பந்தி மாதிரி நீளுதே மேடம்."

"பந்தியே வேண்டாம். ஒரே ஆள்தான்" என்றார் லிஃப்ட்காரர். "கணக்கு டீச்சர். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. துணைத் தலைமையாசிரியை பதவிக்கு ரெண்டு பேரு பேரும் போயிருந்துச்சு. இவ மேல புகார் வந்துச்சு, இவ போனா, அவங்களுக்குப் பதவி வந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஆதாரம் வேணும்" என்றார் ஊசி மேடம்.

"இன்னிக்குப் புதன்கிழமை, கடைசிப் பீரியட்ல நிர்வாகக் குழு கூடுது. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. அங்க அவங்க பேரைச் சொல்லுவேன்னு தலைமையாசிரியைகிட்டயும் சொல்லிட்டேன். கூட வேலை பாக்கிறவ போனைத் திருட்டுத்தனமாப் பாத்து எழுதிப்போட்டது தெரிஞ்சா சீட்டுக் கிழிஞ்சிடும். கிழியணும்."

"ஆதாரம் இல்லாம ஒருத்தர் பேரை ஊரறியச் சொல்றதும் ஸ்டேட்டஸ் போடற மாதிரிதான் சார். சிரிக்கிற மூஞ்சி மட்டும்தான் இல்ல."

லிஃப்ட்காரர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆசிரியர் அறையில் ஒரே ஓர் ஆள் இருந்தார். நீள மேசையின் மூலையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கணக்கு டீச்சர், இன்னொன்றில் யாரும் இல்லை. அறை நிறைய நோட்டுக் கட்டுகள் இடமில்லாமல் தரையில் கிடந்தும், அந்த வெற்று நாற்காலியின் மேல் யாரும் ஒரு துண்டுச் சாக்பீஸ்கூட வைத்திருக்கவில்லை.

"வாங்கண்ணா" என்று எழுந்தார் கணக்கு டீச்சர்.

முன்பெல்லாம் "என்னம்மா, உன் சிநேகிதி என்னை விட்டுட்டு உன்கூடவே பேசறா" என்பார் லிஃப்ட்காரர். இன்று, "உங்ககிட்ட சில கேள்வி கேக்கணும் டீச்சர்" என்றார். 'டீச்சர்' என்ற சொல் மேசையின் மேல் விழுந்து கிடந்தது. கணக்கு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"அந்த ஸ்டேட்டஸ நீங்க பாத்தீங்களா?" என்று ஊசி மேடம் ஆரம்பித்தார்.

"இல்ல. அவ ஸ்டேட்டஸ் எனக்கு வராது."

"இருபது வருஷ சிநேகிதிக்கு வராதா?" என்றான் நூல்.

"சிநேகிதிங்கிறதாலதான் வராது. கூட வேலை பாக்கிறவங்க யாருக்குமே காட்ட மாட்டா. 'ஸ்கூல் வேற, நான் வேற'ம்பா. சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, அவ்வளவுதான் அவ போன்ல. நான்கூடக் கேலி பண்ணியிருக்கேன், 'உன் வீட்டு வாசல் வரைக்கும் வர்றேன், உன் போன் வாசல்ல நிக்க முடியலையே'ன்னு."

"பக்கத்து நாற்காலி" என்றார் லிஃப்ட்காரர். "எட்டிப் பாத்தா தெரியாதா?"

"எட்டிப் பாத்தா தெரியும்ணா. நான் எட்டிப் பாக்கல."

"அவ போனப்புறம் நீங்க வீட்டுப் பக்கமே வரல. குத்தமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்."

"வந்தேன். மூணு தடவை வந்தேன். நீங்க கதவைத் திறக்கல."

வாசல் மணி அடித்தது லிஃப்ட்காரருக்கு நினைவிருந்தது. சோபாவில் உட்கார்ந்து, அடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்ததும் நினைவிருந்தது.

ஊசி மேடம் காகிதத்தை வாங்கி மேசையில் விரித்தார். "எனக்கு ஒண்ணு இடிக்குது. விடைத்தாள் மேல பேரு எழுதற இடத்துல கறுப்பா தேச்சிருக்கு. இது யாரு வேலை?"

கணக்கு டீச்சர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "அனுப்பினவங்க வேலைதான்" என்றார் மெதுவாக. "ஸ்டேட்டஸ்ல பேரு தெரிஞ்சிருக்கும். அதுதான் பெரிய தப்பே."

"ஒருத்தரைக் கவிழ்க்க நினைக்கிறவங்க, மெனக்கெட்டு ஏன் பிள்ளை பேரை மறைக்கணும்? பேரு தெரிஞ்சா குத்தம் இன்னும் கனமாகுமே?"

"அது ஒரு விதி." கணக்கு டீச்சர் கையிலிருந்த பேனாவை மூடினார். "டீச்சருங்க சொந்தப் போன்ல எதைப் போடலாம், எதைப் போடக் கூடாதுன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. நானும் அவளும்தான் எழுதினோம். பிள்ளைங்க படம், பேரு, மார்க்கு, கையெழுத்து எதையும் போடக் கூடாதுன்னு முதல் வரி. அவதான் கடைசியா ஒண்ணு சேர்த்தா. யாராவது அப்படிப் போட்டு, அதைப் பத்திப் புகார் கொடுக்கறதா இருந்தா, புகார்லயும் பிள்ளை பேரை மறைச்சிடணும். இல்லைன்னா புகாரே செல்லாது. 'முதல் தடவை ஒருத்தி அவமானப்படுத்தினா, ரெண்டாம் தடவை நியாயம்கிற பேர்ல இன்னொருத்தி அவமானப்படுத்தக் கூடாது'ன்னா."

"நல்ல விதி. எல்லாருக்கும் தெரியுமா?"

"இன்னும் மேல அனுப்பல. அந்த வரி எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"ரெண்டு பேரு" என்றார் லிஃப்ட்காரர். "ஒருத்தி போயிட்டா. மிச்சம் நீங்க."

கணக்கு டீச்சர் அவரை நேராகப் பார்த்தார். "ஆமாண்ணா. கணக்கு அப்படித்தான் வருது."

கேன்டீனில் பரிமாறும் பையனையும் அவர்களையும் தவிர யாரும் இல்லை. நூல் ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு, பன்னைத் தட்டில் மூன்று கோணத்தில் திருப்பி வைத்துப் போனில் படம் பிடித்தான்.

"பாத்தீங்கல்ல மேடம்?" என்றார் லிஃப்ட்காரர். "அவங்க வாயாலயே வந்துடுச்சு. நான் போய்ச் சொல்லிடறேன்."

"வந்த விதம்தான் எனக்குப் பிடிக்கல" என்றார் ஊசி மேடம். "மாட்டிக்கிட்டவங்க விதியை மறைப்பாங்க. இந்த அம்மா தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிச்சு, முடிச்சு சரியா இருக்கான்னு பாத்துக் கொடுக்கறாங்க. அவ்வளவு நேர்மையான திருடங்களை நான் பாத்ததில்ல."

"நேர்மையான மனுஷங்களையே நான் பாத்ததில்ல" என்று நூல் பன்னைக் கடித்தான். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தான். "ச்சே. என்ன ஊர் சார் இது. பன்னு படம் போட்டு எவ்வளவு நேரமாச்சு, ரெண்டே பேருதான் பாத்திருக்காங்க. ஒண்ணு எங்கம்மா. இன்னொண்ணு பல் டாக்டர். அவரும் பல்லைத்தான் பாத்திருப்பாரு."

ஊசி மேடம் டீயைக் கீழே வைத்தார். "யாரு பாத்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அடியிலயே போட்டிருக்கும் மேடம். கண்ணு படம், பக்கத்துல ரெண்டு."

ஊசி மேடம் தன் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். "உன் பன்னு எனக்கும் வந்திருக்கு. இந்தா. கண்ணு எங்க?"

"உங்களுக்குத் தெரியாது மேடம். எத்தனை பேரு பாத்தாங்கங்கிறது போட்டவனுக்கு மட்டும்தான்..."

பன் தட்டிலேயே நின்றது. நூலின் வாய் திறந்தபடி இருந்தது. அவன் வாய் திறந்திருந்தும் சத்தம் வராததை லிஃப்ட்காரர் முதல்முறையாகப் பார்த்தார்.

"என்ன?" என்றார் அவர். அவர் கையில் இருந்தது பட்டன் போன். "என்ன ஆச்சு? எனக்கு ஒண்ணும் புரியல."

ஊசி மேடம் அந்தக் காகிதத்தைத் தடவி விரித்தார். மடிப்புக்குக் கீழே, மூலையில், சின்னதாக ஒரு கண். முப்பத்தொன்று.

"இந்த எண்ணிக்கை பாக்கிறவங்க போன்ல வராது சார். முப்பத்தொரு பேர்ல யாரு இதைப் பிடிச்சிருந்தாலும் இந்தக் கண்ணு இதுல இருக்காது. போட்டவங்க போன்ல மட்டும்தான் இருக்கும். காலையிலேருந்து நம்ம மூக்குக்குக் கீழயே இருக்கு. தினம் பாக்கிற பொருள் கண்ணுக்குத் தெரியாதுங்கிறதுக்கு இவன் ஒரு சாட்சி."

"தினம் ரெண்டு பேருக்கு மேல பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் மேடம்" என்று நூல் தலையில் அடித்துக்கொண்டான்.

"அப்ப அவ போனைத்தான் எடுத்திருக்காங்க!" லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். "பக்கத்து நாற்காலின்னு சொன்னேன்ல!"

"அந்தப் போன் எப்படித் திறக்கும்?" என்றார் ஊசி மேடம்.

லிஃப்ட்காரர் அப்படியே நின்றார். "அவ கட்டைவிரல் வச்சாத்தான் திறக்கும். நம்பர் ஒண்ணும் உண்டு. அது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான்... நான் தினமும் அதை சார்ஜ்ல போட்டு வைக்கிறேன். அணைஞ்சிடக் கூடாதுன்னு. திறக்க முடியல." அவர் மறுபடி உட்கார்ந்தார். "அவ விரல் இல்லாம அது திறக்காது."

சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

"அப்ப, அவங்களே அவங்க மேல..." என்று நூல் இழுத்தான். "யாராச்சும் சொந்தக் காசுல சூனியம் வச்சுக்குவாங்களா?" சொன்ன மறுகணமே பன்னைத் தள்ளி வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க சார்" என்றான்.

லிஃப்ட்காரர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கறுப்பாகத் தேய்த்திருந்த இடத்தைப் பார்த்தார். ஒரே வீச்சில் இல்லை. விளிம்பில் ஓர் எழுத்தின் கொம்புகூடத் தெரியாதபடி மறுபடி மறுபடி தேய்த்திருந்தது. வீட்டில் பாத்திரத்தின் அடியைத் தேய்ப்பதும் அவள் அப்படித்தான்.

"அவ இதைத் தேய்ச்சிட்டிருந்தப்ப நான் பக்கத்து அறையில தூங்கிட்டிருந்திருப்பேன்" என்றார். "இல்ல டி.வி. பாத்துட்டிருந்திருப்பேன். ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. 'விடு, யாருக்குத் தெரியப் போகுது' என்றுதான் சொல்லியிருப்பார்.

ஊசி மேடம் எழுந்தார். "யாருன்னு தெரிஞ்சிடுச்சு. ஏன்னு தெரியல. பேரு சொல்லாமப் பின்வாசல் வழியா வர்றவங்க, அதுக்கு முன்னாடி முன்வாசலைத் தட்டிப் பாத்திருப்பாங்க. வாங்க, முன்வாசலுக்குப் போவோம்."

தலைமையாசிரியை கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே பெஞ்சு இருந்தது. லிஃப்ட்காரர் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"புகார் வர்றதுக்கு முன்னாடி புவியியல் டீச்சர் உங்களைப் பாக்க வந்தாங்க. சரியா?" என்றார் ஊசி மேடம், உட்காராமலேயே.

"யார் சொன்னது?"

"இப்ப உங்க முகம் சொல்லிச்சு."

தலைமையாசிரியை கதவைச் சாத்தினார். சாத்திவிட்டுக் கதவின் மேலேயே கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"விடைத்தாள் பாக்கிற நாள் அன்னிக்கு. பெத்தவங்க வந்து பாத்துட்டுப் போவாங்கல்ல, அன்னிக்கு. எல்லாரும் போனப்புறம் வந்தாங்க. கையில போன். அந்தப் பெண்ணோட அம்மா வந்திருந்தாங்களாம். டீச்சர் அந்தப் பதிலைக் காட்டி, 'பாருங்கம்மா, எப்படி எழுதியிருக்கா உங்க பொண்ணு'ன்னு சிரிச்சிருக்காங்க. அந்த அம்மா சிரிக்கல. 'சரியாத்தானே டீச்சர் எழுதியிருக்கா' அப்படின்னாங்களாம்."

"சரியாவா?" என்றான் நூல்.

"வேற ஊர்லேருந்து வந்து சேர்ந்த குடும்பம். அங்க வெள்ளம் வந்தப்ப ஆறு நேரா வீட்டுக்குள்ள வந்துடுச்சு. அடுப்படியில வந்துதான் நின்னுச்சாம். அடுப்படியில இந்தப் பெண்ணோட தம்பி தூங்கிட்டிருந்திருக்கான்."

நூல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"டீச்சருக்குப் பேச்சே வரல. படம் அப்பவும் அவங்க போன்ல ஓடிட்டிருந்துச்சு. என் முன்னாடி காட்டினாங்க. 'முப்பத்தொரு பேரு பாத்தாங்க மேடம். பாதிப் பேரு சிரிச்சாங்க. ஒருத்தர்கூட ஏன் போட்டேன்னு கேக்கல. என்னை விசாரிங்க, அந்த அம்மாவைக் கூப்பிட்டு அவங்க முன்னாடி விசாரிங்க'ன்னாங்க. நான்..." தலைமையாசிரியை கதவிலிருந்து கையை எடுத்தார். "'அழிச்சிடுங்க டீச்சர். சர்வீஸ் இருக்கு, பதவி வரப்போகுது. யாருக்குத் தெரியும்?' அப்படின்னேன். 'எனக்குத் தெரியுமே'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் பேரில்லாத புகார் நிர்வாகத்துக்கே நேராப் போயிருந்துச்சு. நிர்வாகத்துக்குப் போனா நான் மூட முடியாது. யாரோ பாத்தவங்க அனுப்பிட்டாங்கன்னுதான் நினைச்சேன்."

"அவங்க உங்ககிட்ட வந்ததை ஏன் யாருக்கும் சொல்லல?"

"சொன்னா நான் மறைக்கச் சொன்னதையும் சொல்லணும்."

"அதனால இவர் வேற ஒருத்தர் சீட்டைக் கிழிக்கக் கிளம்பினப்பவும் பாத்துட்டு இருந்தீங்க. முப்பத்திரண்டாவது ஆளா."

ஊசி மேடம் குரலை உயர்த்தவில்லை. அவர் குத்தினால் சத்தம் கேட்காது என்று நூல் அடிக்கடி சொல்வது லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசிப் பீரியடின் மணி அடித்தது.

நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். புதிய துணைத் தலைமையாசிரியை என்ற முறையில் கணக்கு டீச்சரும் மேசையின் ஓரத்தில் இருந்தார், தண்டனை கேட்க வந்தவர் போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு. ஊசி மேடமும் நூலும் வாசலிலேயே நின்றார்கள்.

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இறந்தவர் மேல் புகார் வேண்டாம் என்று எல்லாரும் நினைப்பதாகவும், வழக்கு கைவிடப்படுகிறது என்று எழுதி முடித்துவிடலாம் என்றும், அவர் பெயருக்கு எந்தக் களங்கமும் வராது என்றும் சொன்னார். நல்ல மனிதர். சொல்லும்போது கண் கலங்கியது. "நீங்க வேற ஏதாவது சொல்லணும்னு இருந்தீங்களாமே?"

"ஆமா" என்று லிஃப்ட்காரர் எழுந்தார்.

கணக்கு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கைவிட வேண்டாங்க" என்றார் லிஃப்ட்காரர். "புகார் உண்மைன்னு எழுதுங்க. அவ போட்டது தப்பு. பிள்ளை பேரோட போட்டா. சொந்தப் போன்தானேன்னு போட்டா, சொந்தக்காரங்கதானேன்னு போட்டா. தப்புதான். அப்புறம், புகார் கொடுத்தவங்க பேரு தெரியலைன்னு வச்சிருக்கீங்க. அந்த இடத்துலயும் அவ பேரையே எழுதுங்க."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊசி மேடம் முன்னால் வந்து, காகிதத்தின் மூலையில் விரலை வைத்து, சுருக்கமாக விளக்கினார். கண், எண்ணிக்கை, கட்டைவிரல், யாருக்கும் தெரியாத விதி. தலைமையாசிரியை நடுவில் குறுக்கிட்டு, "என்கிட்ட முதல்ல வந்தாங்க. நான்தான் திருப்பி அனுப்பினேன். அதையும் எழுதிக்கங்க" என்றார்.

"களங்கம் வருமே" என்றார் தலைவர், லிஃப்ட்காரரைப் பார்த்து.

"வரட்டுங்க. அதை வாங்கிக்கத்தான் அவ வெளியில உக்காந்திருந்தா. அவ கேட்டு வந்ததை நீங்க கொடுக்காம அனுப்பினா எப்படி?" அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இன்னொண்ணு. அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட யாராவது போய், இப்படி நடந்துச்சு, தப்பாப் போச்சுன்னு சொல்லணும். நான் போகலாம். ஆனா எனக்கு அவங்க யாருன்னு தெரியாது. தெரியவும் வேண்டாம்."

பிறகு மேசையின் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"நான் போறேன்ணா" என்றார் கணக்கு டீச்சர்.

லிஃப்ட்காரர் அந்தப் பக்கம் திரும்பினார். வெளியே கேன்டீன் பையன் யாரையோ கூப்பிடும் சத்தம், மின்விசிறியின் சத்தம் எல்லாம் கேட்டது.

"சரிம்மா" என்றார்.

அந்த 'ம்மா'வுக்குக் கணக்கு டீச்சர் அழுதார். வெற்று நாற்காலிக்குப் பக்கத்தில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் யார் முன்னாலும் அழாதவர்.

வெளியே வந்ததும் நூல் எதையாவது சொல்லிவிடுவான் என்று ஊசி மேடம் பயந்தார். அவன், "சார், பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வரட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

"வேண்டாம் தம்பி. எனக்கு வழி தெரியும்."

தெரிந்த வழி மட்டும்தான் அவரிடம் மிச்சம் இருந்தது. நீண்ட தாழ்வாரத்தில் தனியாக நடந்தார். எல்லா வகுப்புகளிலிருந்தும் சத்தம் வந்தது, ஒன்றைத் தவிர. அந்த வகுப்பின் கதவு திறந்திருந்தது. மேடையில் யாரும் இல்லை. பிள்ளைகள் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பது போல இருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண், நடுவில் ஒரு பெண், கடைசி வரிசையில் இரண்டு பெண்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அந்தப் பதிலை எழுதியவள் அவர்களில் ஒருத்தியா, ஒருவருமே இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

கதவில் நேர அட்டவணை ஒட்டியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

புதன்கிழமை கடைசிப் பீரியட் இன்னும் புவியியல்தான்.